ஒரு வருஷத் தவணையை ஒரே நாளில் கட்டியவர்

அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கிளைகளுக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் கடன் அதிகாரிகளே, உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். விதிமுறைகளைப் பற்றி எழுத எனக்கு ஆசை இல்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் கம்ப்யூட்டர் உங்களை விடாது. ஒருவருடைய கிரெடிட் ஸ்கோர் திரையில் வந்து விழுந்த பிறகும் அந்த ஆள் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். என் சர்வீஸில் நான் அதிகம் கோபப்பட்டதும் அதிகம் சந்தோஷப்பட்டதும் அந்த நேரங்களில்தான்.

குன்னத்தில் கொஞ்ச காலம், செந்துறையில் கொஞ்ச காலம் என்று இருந்துவிட்டு, கடைசியாக ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிளை ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது நான் சொல்வது அந்தக் கடைசிக் கிளையில் நடந்தது.

தை மாசக் கடைசியில் ஒரு நாள் காலை, என் அறைக்கு வெளியே ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது.

“நாங்க கட்டாத காசு எது சார்? ஒத்த ரூவா காட்டுங்க பாப்போம். காட்டிட்டு அப்புறம் பேசுங்க.”

எட்டிப் பார்த்தேன். கடன் பிரிவில் வினோத் உட்கார்ந்திருந்தான். சென்னையிலிருந்து வந்து ஆறேழு மாசம்தான் ஆகியிருந்தது. மரியாதையான பையன், வேலையில் சுறுசுறுப்பு. யாரையும் மனம் நோகாமல் திருப்பி அனுப்புவதில் கெட்டிக்காரன். அன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் பலிக்கவில்லை. எதிரே நின்ற பெண்ணுக்கு நாற்பதை ஒட்டிய வயது. விரல் நுனியெல்லாம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. வங்கிக்கு வருவதற்காக நல்ல சேலை கட்டியிருந்தார். கோபத்தில் அதன் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார்.

“ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்குக்கா. சிஸ்டம் ஏத்துக்கல. நான் என்ன பண்ண முடியும்?” என்றான் வினோத்.

இந்த “நான் என்ன பண்ண முடியும்” என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டேன்.

அவர் பெயர் சகாயமேரி. ஊர் வரதராஜன்பேட்டை. கணவர் அந்தோணி ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். சகாயமேரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யார் யாருடைய ஷெட்டிலோ கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவர். கொட்டையைக் கையில் எடுத்தால் பருப்பு எப்படி வரும் என்று சொல்லிவிடுவார். இப்போது சொந்தமாக ஒரு யூனிட் போட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஷெட் கட்டி முடித்துவிட்டார். அவிக்க ஒரு பாய்லர், உடைக்க ஒரு மெஷின், கொட்டை வாங்கக் கையில் முதல், இதற்குத்தான் கடன் கேட்டிருந்தார்.

அவருக்கு அவசரம் இருந்தது. மாசி பிறந்தால் காடுகளிலிருந்து கொட்டை வரத் தொடங்கும். சித்திரையோடு முடிந்துவிடும். அதற்குள் வாங்கி நிரப்பிவிட்டால் வருஷம் முழுக்க உடைத்து விற்கலாம். தவறவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் கூலிக்குப் போய், அடுத்த வருஷச் சீசன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் அவருடைய கிரெடிட் அறிக்கையைத் திரையில் திறந்தேன். அவர் பெயரில் இருந்தது ஒரே கடன்தான். கணவருடைய லோடு வண்டிக்காகச் சில வருஷங்களுக்கு முன் ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் ஃபைனான்ஸில் வாங்கியது. மாசத்துக்கு மாசம் தவணை தவறியதாகச் சிவப்பாக வரிசை கட்டி நின்றது. இதைப் பார்த்துத்தான் வினோத் மறுத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிவப்புக்குக் கீழே இன்னொரு விஷயமும் இருந்தது. கெடு முடிவதற்கு வெகு முன்பே அந்தக் கடன் முழுவதும் அடைபட்டிருந்தது.

இளைய நண்பர்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். மாசா மாசம் கட்ட முடியாமல் திணறிய ஒரு குடும்பம், கெடுவுக்கு முன்னால் கடனை அடைக்குமா? இந்த இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிற காரியமா? ஒரு அறிக்கை தனக்குத்தானே முரண்பட்டால், அதை நீங்களாக ஊகித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். எதிரே இருப்பவரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

“வண்டிக் கடன மாசா மாசம் கட்டுனீங்களா?” என்று கேட்டேன்.

“மாசா மாசம் எதுக்கும்மா கட்டணும்? சீசன் முடிஞ்சதும் வருஷத்துக்கும் சேத்து மொத்தமாக் கட்டிடுவோம். முன்கூட்டியே. காட்டுக் குத்தகை கட்டுற மாதிரி.”

எனக்குப் புரிந்துவிட்டது. வினோத்துக்குப் புரியவில்லை. உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் முந்திரிக் காடு சொந்தமாக இல்லாதவர்கள் அடுத்தவர் காட்டை ஒரு வருஷத்துக்குக் குத்தகைக்கு எடுப்பார்கள். அந்தக் குத்தகைப் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பணம் மொத்தமாகக் கையில் வருவது சீசன் முடிவில்தான். அப்போதே எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டி முடித்துவிடுவது அங்கே நாணயமான குடும்பத்தின் பழக்கம். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், இழுத்தடிக்கிற ஆள் என்று பெயர். முன்பு ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த சகாயமேரியும் அந்தோணியும் வண்டிக் கடனுக்கும் அதையே செய்திருக்கிறார்கள். இனி வரப்போகும் ஒரு வருஷத் தவணையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

“போன் வரலியா? மெசேஜ் வரலியா?” என்று வினோத் கேட்டான்.

“வந்துச்சு சார். இங்கிலீஷ்ல வரும். அதான் முன்னாடியே கட்டிட்டோமே, கம்பெனிக்காரன் எல்லாருக்கும் பொதுவா அனுப்பறான் போலன்னு எங்க வூட்டுக்காரரு விட்டுட்டாரு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அன்றைக்கு அவரிடம் கடன் இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் இரண்டு நாள் பொறுக்கவில்லை. மறுநாளே வந்துவிட்டார். கூடவே அந்தோணியின் அண்ணன் லூர்துசாமியும் வந்திருந்தார். அவர் பள்ளி ஆசிரியர். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. சம்பளக் கணக்கு நம் வங்கியில்தான். அவருடைய ஸ்கோரைப் பார்த்தால் அப்பழுக்கு இல்லாமல் இருந்தது.

“என் பேருல கடனப் போட்டுருங்க மேடம்” என்றார். “தொழில் அவங்க பாத்துக்கட்டும். யாரு பேருல இருந்தா என்ன? எல்லாம் ஒரே குடும்பம். தம்பி வேற, நான் வேறயா?”

வினோத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வாரத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டான். அந்த மாச டார்கெட்டும் நிறையும். லூர்துசாமியைச் சொல்லிக் குற்றமில்லை, மனசார உதவி செய்ய வந்தவர் அவர். “பேர் கொடுக்கிறது” என்பது நம் பக்கத்தில் அன்றாடம் நடக்கிற காரியம். மச்சானுக்கு பைக், தங்கச்சிக்கு ஃப்ரிட்ஜ், சித்தப்பா பையனுக்கு போன், எல்லாம் சம்பளக்காரர் ஒருவரின் பெயரில் ஓடும்.

நான் முடியாது என்றேன்.

“சார், கடனக் கட்டப்போறது யாரு?”

“அவங்கதான் மேடம்.”

“ஒழுங்காக் கட்டுன நல்ல பேரு யாருக்குப் போகும்?”

லூர்துசாமி யோசித்தார். எனக்குப் போகும் என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. நான் விடவில்லை. நாளைக்கு உங்கள் மகன் வீட்டுக் கடனுக்கு வந்து நின்றால் இந்தக் கடன் குறுக்கே நிற்கும். இவர் ராப்பகலாக உழைத்துக் கட்டினாலும், இவருடைய பெயரில் அந்தச் சிவப்பு வரிசை அப்படியே இருக்கும். அடுத்த முறை இவர் வங்கிக்கு வந்தாலும் உங்களைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். தொழில் ஒருவருடையது, கடன் இன்னொருவர் பேரில் என்று எழுத எனக்கு விதியும் இடம் கொடுக்காது, மனசும் இடம் கொடுக்காது. இதையெல்லாம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். லூர்துசாமியின் முகம் சுருங்கிவிட்டது.

சகாயமேரி என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். முந்தைய நாள் கோபத்தைவிட அந்த நிதானம்தான் எனக்கு அதிகம் உறைத்தது.

“நல்ல பேரு எனக்கு எதுக்கும்மா இப்ப? எனக்குக் கொட்டை வேணும். நீங்க அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிட்டு வூட்டுக்குப் போயிடுவீங்க. எனக்கு ஒரு சீசன் போனா போனதுதான்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. “நாளைக்குக் காலைல ஃபைனான்ஸ் ஆபீசுக்கு வாங்க, நானும் வரேன்” என்று மட்டும் சொன்னேன். கடைசியில் வருவாரோ மாட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது.

வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது அந்த ஃபைனான்ஸ் ஆபீஸ். சண்டை போடுகிற தயாரிப்போடுதான் நான் படியேறினேன். மேலே போனால், கவுன்ட்டரில் இருந்த கேஷியர் எழுந்து நின்று, “வாங்கக்கா, அந்தோணி அண்ணன் வரலியா?” என்று சகாயமேரியைச் சிரித்த முகமாக வரவேற்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறோம் என்று சொல்லித்தான் இவர்கள் பணம் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

“ஆமா மேடம். இவங்க தெருவே அப்படித்தான் கட்டும். ஆனா ஸ்கிரீன்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஒண்ணு இந்த மாசத் தவணை. இன்னொண்ணு அசல்ல கழிக்கிறது. வரப்போற மாசத்துக்குன்னு ஒரு கட்டமே இல்ல. அசல்ல கழிச்சா வட்டி கொறையுமே, நம்ம ஊர் ஆளுங்கதானேன்னு அதுல போட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் மேடம் செஞ்சேன்.”

நல்லது என்று நினைத்து மூன்று பேர் செய்த காரியம் இது. நல்லது என்று நினைத்து இவர்கள் முன்கூட்டிக் கட்டினார்கள். நல்லது என்று நினைத்து கேஷியர் அசலில் கழித்தார். அசல் குறைந்தாலும் மாசத் தவணை என்று ஒன்று அடுத்த மாசமும் வந்து நிற்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பணம் வரவில்லையே என்று கம்ப்யூட்டர் அதன் பாட்டுக்கு மாசா மாசம் சிவப்புக் குத்திக்கொண்டே போயிருக்கிறது. வட்டி குறைந்ததால் கடன் சீக்கிரம் முடிந்தது. அது முடிவதற்குள் இவருடைய பெயரும் கெட்டுப்போயிருந்தது.

சண்டை போட ஆளில்லாமல் போனதால், அங்கிருந்த மேனேஜரிடம் என் சண்டையை நடத்தினேன். “பன்னெண்டு மாசத் தவணைய முன்னாடியே கையில வாங்கி வச்சுக்கிட்டு, பன்னெண்டு மாசமும் வரலன்னு எழுதி அனுப்பியிருக்கீங்களே, இது உங்களுக்கே நியாயமா இருக்கா?” என்று கேட்டேன். அவர் முதலில் சிஸ்டம் என்றார், தலைமை அலுவலகம் என்றார். கேஷியர் பக்கத்தில் வந்து நின்று, “நான்தான் சார் வாங்குனேன், எழுதித் தரேன்” என்று சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தார். பழைய கணக்கைத் திருத்தி அனுப்பும்படி அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். சகாயமேரி சார்பாக நாங்களும் ஸ்கோர் போடுகிற நிறுவனத்திடம் ஒரு முறையீடு பதிவு செய்தோம். இதெல்லாம் முடிந்து ஸ்கோர் மாறி வர ஒரு மாசத்துக்கு மேலேயே ஆகலாம் என்றார்கள்.

மாசி பிறந்தது. திருத்தம் வரவில்லை. விவரத்தை எல்லாம் எழுதி, இந்த ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள் என்று திருச்சியில் இருந்த வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே கடன் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். பேச்சில் சிக்கனம். அவரே போனில் கூப்பிட்டார்.

“விதிவிலக்கு வேணாம் மேடம். உங்க கேஸ் சரியான கேஸ். விதிவிலக்குல குடுத்தா தப்பான ஆளுக்கு ஏதோ தயவு பண்ண மாதிரி ஃபைல்ல நிக்கும். திருத்தம் வரட்டும். வர்ற அன்னிக்கு மத்தது எல்லாம் ரெடியா இருக்கணும். அத மட்டும் பாருங்க.”

போனை வைத்துவிட்டு அவரைத் திட்டினேன். அறையில் யாரும் இல்லாததால் நன்றாகவே திட்டினேன். டீ வந்து, குடித்து முடித்த பிறகு அவர் சொன்னது சரிதான் என்று தோன்றியது. கடன் பிரிவில் நான் கற்றுக்கொண்டவற்றில் இதைப் பெரிதாக நினைக்கிறேன். நியாயம் இருக்கிற ஆளுக்காக விதியை வளைத்தால், அவருக்கு நியாயம் இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இந்தத் தெளிவு அவ்வளவாக ஆறுதல் தரவில்லை. லூர்துசாமி பெயரில் போட்டிருந்தால் இந்நேரம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். என் வீம்பால் ஒரு பெண்ணின் சீசன் போகிறதே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் வினோத் வந்ததும் திரையைத் திறந்து பார்ப்பான். என் அறைப் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்குவான். எனக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றால் ஷெட்டையும் பார்த்து எழுத வேண்டும். ஒரு மத்தியானம் நானும் வினோத்தும் வரதராஜன்பேட்டைக்குப் போனோம். காலி ஷெட்டையும், சகாயமேரியின் வாடிய முகத்தையும் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் என்னை நாலு வார்த்தை திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

ஷெட் கதவைத் திறந்ததும் உள்ளே கால் வைக்க இடமில்லை. கூரைக்கு நெருக்கமாகச் சாக்கு சாக்காக முந்திரிக்கொட்டை அடுக்கியிருந்தது. ஒவ்வொரு சாக்கிலும் கரியால் ஒரு பெயர் எழுதியிருந்தது. மூலையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து கட்டையால் தட்டிக் கையாலேயே உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கேருந்து பணம் வந்தது?” என்று கேட்டேன். கந்துவட்டிக்கு வாங்கிவிட்டாரோ என்று எனக்குப் பக்கென்றது.

“பணம் ஏதும்மா? கடனாத்தான் போட்டுட்டுப் போயிருக்காங்க” என்றார் சகாயமேரி.

கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் வயதான ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் ஆரோக்கியம். அடுத்த வீட்டுக்காரர். கணவர் இல்லை, சின்னதாக ஒரு முந்திரிக் காடு மட்டும் இருக்கிறது. முதல் சாக்கைக் கொண்டுவந்து போட்டவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

“பேங்க்குல இவ கட்டாத ஆளுன்னு வருதாமே?” என்று அவர் என்னைக் கேட்டார். “எந்தக் கண்ணு தெரியாதவன் எழுதுனான் அத? எங்க காட்டுக் குத்தகைய இவ எடுத்தப்ப, நாங்க கேக்குறதுக்கு முன்னாடி வாசல்ல பணம் வந்து நிக்கும். அதான் தெருவுல எல்லார்ட்டயும் சொல்லி, கொட்டையக் கொண்டாந்து போடச் சொன்னேன்.”

சாக்குகளில் லூர்துசாமி பெயரும் இருந்ததை வினோத் காட்டினான். சகாயமேரி சிரித்துவிட்டார்.

“எங்க மூத்தாரும் போட்டாரு சார். பேரத்தான் உங்க மேடம் வேணாம்னுட்டாங்க, கொட்டையவாச்சும் வாங்கிக்கம்மான்னாரு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சுலபமாக அழுகிற ஆள் இல்லை. சந்தோஷத்தில்தான் வந்தது, ஆனால் அந்தச் சந்தோஷம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் பயமாக மாறிவிட்டது. ஈஸ்டர் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, எல்லோருக்கும் பணம் கொடுத்துவிடுவதாகச் சகாயமேரி வாக்குக் கொடுத்திருந்தார். நம் கடனை நம்பிக் கொடுத்த வாக்கு அது. ஃபைனான்ஸில் கெட்டது திரையில் இருந்த பெயர். திங்கட்கிழமை தவறினால் தெருவில் இருக்கிற பெயர் கெட்டுப்போகும். அதைத் திருத்தித் தரச் சொல்லி நான் எந்த மாடிப்படி ஏறுவேன்?

வினோத்துக்கும் அது புரிந்திருந்தது. அன்றைக்குப் பிறகு அவன் “சிஸ்டம்” என்று சொல்லி நான் கேட்கவே இல்லை. ஃபைனான்ஸ் தலைமை அலுவலகத்தை அவன் விரட்டிய விரட்டில், அங்கே போன் எடுக்கிறவர்களுக்கெல்லாம் வரதராஜன்பேட்டை என்றால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மெஷின்காரரிடம் பேசி, பணம் வந்த மறுநாள் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று முடித்து வைத்தான். எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கி அடுக்கி வைத்தான். தவக்காலம் நாள் நாளாகக் கழிந்து, ஈஸ்டருக்கு முந்தின வாரத்துக் குருத்து ஞாயிறும் வந்துவிட்டது. திருத்தம் மட்டும் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வழக்கம் போல வினோத்தின் உதட்டைப் பார்க்காமல் குனிந்துகொண்டிருந்தேன். அவன் கதவைத் தட்டாமல் உள்ளே ஓடி வந்தான்.

“மேடம், செவப்பு போயிடுச்சு. ஒண்ணுகூட இல்ல.”

போய்ப் பார்த்தேன். வரிசை முழுக்கச் சுத்தமாக இருந்தது. ஸ்கோர் ஏறியிருந்தது. அன்று மத்தியானத்துக்குள் கடன் அனுமதி ஆனது. திருச்சிப் பெரியவருக்குத் தகவல் சொன்னேன். “நல்லது” என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நான் அவரைத் திட்டியது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பார். பெரிய வெள்ளி விடுமுறைக்கு முன்னால், வியாழனன்று, பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கதையை நிறுத்திவிட்டு உங்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஸ்கோர் என்கிற அந்த எண் ஒரு கதவு. அதை அலட்சியம் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த எண்ணை நம்பி நான் காப்பாற்றிய வங்கிப் பணமும் நிறைய உண்டு. கடன் கொடுக்கும்போதே அந்த வீட்டுக்கு எந்த மாசம் பணம் வரும் என்று கேட்டுவிடுங்கள். குன்னத்தில் வெங்காயம் விற்றால் வரும், இங்கே முந்திரி விற்றால் வரும். மொத்தமாக வருகிற பணத்தை வங்கிக் கணக்கில் போட்டு வைத்து, மாசா மாசம் தவணை தானாகப் போகும்படி செய்துகொடுங்கள். தேதிக்கு முன்னால் கொடுத்தாலும் தேதியன்று கொடுத்ததாக ஆகாது என்பதை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். வினோத் பிறகு இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டான். சகாயமேரியின் தெருவில் இதே மாதிரி மாட்டியிருந்தவர்களை எல்லாம் கூட்டிப்போய் அந்தக் கேஷியரிடம் திருத்தி வாங்கினான். இப்போது அவனும் ஒரு கிளைக்கு மேனேஜர்.

மெஷின் சனிக்கிழமை வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள். வந்தே ஆக வேண்டும் என்று சகாயமேரி போன் செய்ததால் நானும் வினோத்தும் போனோம். அந்தோணியும் லூர்துசாமியும் ஷெட்டுக்குள் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். லூர்துசாமி சட்டை முழுக்க கிரீஸ். என்னைப் பார்த்ததும், “வாங்க மேடம், உங்களால என் சட்டை போச்சு” என்று சிரித்தார். எனக்கு அதைக் கேட்டு மனசு லேசாகிவிட்டது.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆரோக்கியம் தயங்கித் தயங்கி வந்தார். கடன் வந்துவிட்ட செய்தி தெருவுக்கே தெரிந்திருந்தது.

“ஏ மேரி, பணம்தான் வந்துட்டுதாமே. நாளைக்குப் பண்டிகை. பேரப் புள்ளைவோ வருதுவோ. என் கொட்டைக் காச இன்னிக்கே குடுத்துட்டின்னா துணிமணி எடுத்துப்பேன்.”

நியாயமான கேள்வி. பணமும் கணக்கில் இருக்கிறது. முதல் சாக்கைக் கொண்டுவந்து போட்ட மனுஷி வேறு. சகாயமேரி உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“இல்லக்கா. திங்கக்கெழம தரேன்னு சொன்னேன். திங்கக்கெழம காலைல வூட்டுக்கே வந்து தருவேன்.”

எனக்குத் தாங்கவில்லை. “ரெண்டு நாள் முன்னாடி குடுத்தா என்னங்க?” என்று கேட்டுவிட்டேன்.

சகாயமேரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், தன் கைப்பையிலிருந்து பணம் எடுத்து வந்து ஆரோக்கியத்தின் கையில் வைத்து மூடினார்.

“இது பண்டிகைக்கு. என் காசு, திருப்பித் தர வேணாம். புள்ளைவொளுக்குத் துணி எடுங்க. கொட்டைக் காசு திங்கக்கெழமதான்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். “முன்னாடி கட்டித்தாம்மா நான் கெட்ட பேரு வாங்குனேன்.”